மருந்துக் கடைக்காரருக்கு யார் மார்க் போடுவது?

இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்க வரும் வியாபாரி சும்மா எடுத்துப் போவதில்லை. மடிப்பைப் பிரிப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். இழை விட்டிருக்கிறதா, சாயம் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். "நான் நெய்ததுங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று தறிக்காரர் சொன்னால் மட்டும் பணம் கை மாறாது.

சேலைக்கே இப்படி. உயிரைக் காக்கும் மாத்திரைக்கு?

ராத்திரி 9 மணி. தறியை நிறுத்திவிட்டு ஒருவர் மருந்துக் கடைக்கு வருகிறார். "அண்ணா, உடம்பெல்லாம் வலி. ஒரு செட் மாத்திரை குடுங்க" என்கிறார். டாக்டர் சீட்டு இல்லை. மூன்று நான்கு அட்டைகளில் இருந்து கத்தரித்த மாத்திரைகள் ஒரு காகிதக் கவரில் விழுகின்றன. ஆள் போய்விடுகிறார். இது ஏதோ ஒரு ஊரின் கதை அல்ல. தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவிலும் காணக்கூடிய காட்சிதான்.

கொடுத்தவருக்குத் தன் திறமையில் சந்தேகமே கிடையாது. "இருபது வருஷமாக் குடுக்கறேங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்பார். தனக்குத் தானே அவர் போட்டுக்கொள்ளும் மார்க் நூற்றுக்கு நூறு!

ஆனால் கெடுதல் ஆனவர் அந்தக் கடைக்குத் திரும்பி வந்து சொல்வாரா? வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசிந்தவர் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார். சிறுநீரகம் கெட்டவருக்கு அது மாத்திரையால் வந்த வினை என்றே தெரியாமல் போகலாம். கடைக்காரரின் கணக்கில் இதெல்லாம் ஏறவே ஏறாது.

5 ஆண்டில் 2 நாள்!

டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு என்கிறது 1948-ம் ஆண்டுச் சட்டம். 2015-ல் வந்த விதிமுறைப்படி அவர் வெள்ளைக் கோட்டு அணிய வேண்டும். பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். 5 ஆண்டுகளில் குறைந்தது 2 முறை, தலா ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வர வேண்டும்.

5 ஆண்டில் 2 நாள் போதுமா? மருந்து உலகம் அதுவரை காத்திருக்குமா?

2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பதே அது. அதற்கு முன் படித்து முடித்தவரின் பாடப் புத்தகத்தில் இது எப்படி இருக்கும்?

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பிஞ்சுக் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. பாட்டிலுக்குள் கலந்த விஷத்தைக் கடைக்காரர் கண்டுபிடிக்க முடியாதுதான். ஆனால் தடைச் செய்தி வந்த அன்றே அலமாரியில் தேடிப் பாட்டிலை இறக்கி வைப்பது அவர் வேலை அல்லவா?

இன்னொன்று. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான். "தினம் ஒண்ணு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஆள் பிழைப்பதே கஷ்டம்.

தன் மார்க் தனக்குத் தெரியாது

டாக்டர்கள் தங்களைத் தாங்களே எவ்வளவு சரியாக எடை போடுகிறார்கள் என்று 2006-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் அலசியது. 20 ஒப்பீடுகளில் 13-ல், அவர்கள் போட்டுக்கொண்ட மார்க்குக்கும் உண்மைத் திறமைக்கும் சம்பந்தம் குறைவு, இல்லை, அல்லது தலைகீழ்! டாக்டருக்கே இந்தக் கதி என்றால் மருந்தாளுநர் மட்டும் விதிவிலக்கா?

பிரிட்டனில் 2018 முதல் மருந்தாளுநர்கள் ஆண்டுதோறும் புதிதாகக் கற்றதை 4 முறை எழுதித் தர வேண்டும். தன் வேலையைத் தானே சீர்தூக்கி ஒரு குறிப்பும் தர வேண்டும். அதோடு விடுவதில்லை. இன்னொருவரோடு உட்கார்ந்து பேசியதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். தானே பார்ப்பது பாதி, அடுத்தவர் பார்ப்பது பாதி.

இதற்கு லண்டன் போக வேண்டியதில்லை. இளம்பிள்ளை மருந்தாளுநர்கள் மாதம் ஒரு நாள் கூடி, ஒருவரை ஒருவர் பத்துக் கேள்வி கேட்டால் போதும். தெரியாமல் விழித்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அதுதான் உண்மையான மார்க்.

பழியை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமல்ல. "சீட்டு இல்லாம தர முடியாதுங்க, டாக்டரைப் பாருங்க" என்று சொன்னால் மக்கள் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். டாக்டர் பீஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயப்படும் ஊரில் அது சகஜம். ஆனாலும் வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று மறுக்கிறாரே, அவர்தான் தேறியவர்!

பக்கத்திலேயே கஞ்சமலை சித்தர் கோவில். தோல் நோய் தீர உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்கிறார்கள். சாமி மேல் வைத்த நம்பிக்கைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கடைக்காரர் மேல் வைத்த நம்பிக்கைக்குக் கேட்டுத்தான் ஆகவேண்டும். "இது எதுக்கு? எப்போ சாப்பிடணும்? எதோட சேரக் கூடாது?" என்ற மூன்று கேள்விக்குக் காசு செலவில்லை.

சேலையைப் பிரித்துப் பார்க்கும் ஊர், மாத்திரைக் கவரையும் பிரித்துப் பார்க்கட்டும்!