நடனத்துக்கு ஒரு முகவர்

திருகோணமலையில் முகவர் என்றால் இரண்டு வகையினர்தாம் நினைவுக்கு வருவர். ஒருவர் கப்பல் முகவர். மற்றவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர். அண்மையில் மூன்றாவது வகை முகவர் ஒருவரைத் தேடித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கேட்டவர் உட்துறைமுக வீதிப் பக்கம் குடியிருப்பவர், துறைமுகத்திலேயே தொழில் செய்பவர். அவருடைய மகளுக்குப் பதினேழு வயது. பத்து வருடங்களாகப் பரதம் பயில்கிறாள், அரங்கேற்றமும் முடிந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் பேப்பர்க்காரர். கொழும்பிலை, மெட்ராசிலை நாலு பேரைத் தெரியும். பிள்ளைக்கு ஒரு நல்ல ஏஜென்டைப் பிடிச்சுத் தாங்கோவன்" என்றார்.

மேலும் விசாரித்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. ஏற்கெனவே ஒருவர் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மார்கழியில் சென்னையில் ஒரு மேடை, அடுத்த கோடையில் ஐரோப்பாவில் ஒரு சுற்றுப்பயணம், எல்லாவற்றையும் தாமே ஒழுங்கு செய்வதாக வாக்களித்திருக்கிறார். அதற்கு முன்பணமாக ஒரு 'பதிவுக் கட்டணம்' செலுத்த வேண்டுமாம். தாயின் நகைகளை அடகு வைத்தால் சமாளிக்கக்கூடிய தொகைதான். அடகு வைப்பதா, வேண்டாமா என்பதே வீட்டில் நடக்கும் வாதம்.

இதே கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், ஏன், ரொறன்ரோவிலிருந்தும்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தில் தொழில் செய்பவருக்கு முகவர் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. சீனன்குடாவிலுள்ள பிறிமா மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது. கப்பற்காரர் எங்கோ தொலைதூரத்தில் இருக்கிறார். அவர் சார்பில் இங்குள்ள முகவர் துறைமுக அதிகார சபைக்கு அறிவிக்கிறார். வழிகாட்டி மாலுமிக்கு ஏற்பாடு செய்கிறார். சுங்கம், குடிவரவு, குடிதண்ணீர், சுகவீனமுற்ற மாலுமிக்கு வைத்தியர் என்று எல்லாவற்றையும் கவனிக்கிறார். கப்பல் போனபின் ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு இணைத்துக் கணக்கு அனுப்புகிறார். அதில் அவருடைய கூலியும் ஒரு வரியாக இருக்கும். வராத கப்பலுக்கு எந்த முகவரும் கூலி கேட்பதில்லை.

நடன முகவரையும் இதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். மேலை நாடுகளில் கலைஞருக்குக் கிடைக்கும் ஊதியத்தில் பொதுவாகப் பத்து முதல் இருபது சதவீதம் வரை முகவருக்குப் போகும். கலைஞருக்கு ஊதியம் இல்லையென்றால் அவருக்கும் இல்லை. அதனால்தான் கலைஞருக்கு நல்ல விலை பேசுவதில் அவருக்கு அக்கறை இருக்கிறது. பெற்றோரிடமே முற்பணம் வாங்கிவிட்டவருக்கு அந்த அக்கறை எங்கிருந்து வரும்? அவருடைய வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது. அவர் விற்பது மேடையை. அதை வாங்குபவர் அந்தப் பிள்ளையின் தகப்பனார். அவரை முகவர் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே இழுக்கு.

நமது கலையுலகில் இந்தத் தலைகீழ் வழக்கம் வேரூன்றிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரங்கேற்றத்தில் மண்டபம், பக்கவாத்தியம், ஒப்பனை, உடை, விருந்து என்று அனைத்துக்கும் பெற்றோர் செலவழிக்கிறார்கள். அதன் பின்னரும் ஆடுவதற்குப் பணம் கொடுப்பது இயல்பானதாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. மார்கழிப் பருவத்தில் சில சபாக்களில் பணம் கொடுத்து மேடை ஏறுகிறார்கள் என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாகச் சென்னைப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளப்பவரையும் காணோம்.

இன்னொரு பழைய கதையையும் நினைவுபடுத்த வேண்டும். 1838ஆம் ஆண்டு தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திருவந்திபுரம் கோவிலைச் சேர்ந்த ஐந்து தேவதாசிகளையும் மூன்று வாத்தியக்காரரையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். மூத்தவருக்கு ஏறக்குறைய முப்பது வயது, கடைக்குட்டிக்கு ஆறு. அவ்வாண்டே பாரிஸில் வரியேத்தே அரங்கிலும், பின்னர் இலண்டனில் அடெல்பி அரங்கிலும் ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைக் கண்டு எழுத்தாளர் தியோபில் கோத்தியே மயங்கி எழுதினார். பார் என்ற சிற்பி அவளுக்குச் சிலை வடித்தார். தமிழ்ப் பெண்களின் நடனத்துக்கு வெளிநாட்டு முகவர் வாய்த்த மிகப் பழைய நிகழ்வுகளுள் இது ஒன்று. அந்த முகவரிடமும் எழுத்திலான ஒப்பந்தம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று நம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைப்பவர்களோ ஒரு தொலைபேசிக் குறுஞ்செய்தியோடு காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள்.

பிற்காலத்தில் பெரும் பெயர் பெற்றவர்களுக்கு முகவர் எப்படிக் கிடைத்தார்? உதயசங்கரை 1932இன் இறுதியில் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றவர் சோல் ஹூரோக். அதற்கு முன்பே உதயசங்கர் தம் குழுவோடு ஐரோப்பிய மேடைகளில் ஆடிப் பெயர் பெற்றிருந்தார். ராம் கோபாலை 1938இல் மேற்குலகுக்கு அழைத்துச் சென்றவர் அலெக்சாந்தர் ஜாந்தா என்ற போலந்துப் பத்திரிகையாளர். (எங்கள் தொழிலிலும் உருப்படியான காரியம் செய்தவர் இருக்கிறார் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.) பாலசரஸ்வதி 1961இல் டோக்கியோவில் நடந்த கிழக்கு - மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார், மறு ஆண்டு அமெரிக்கப் பயணம் அமைந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பதினேழு வயதில் முகவர் கிடைக்கவில்லையே என்று கலங்குபவர்கள் இந்த வயதைக் கவனிப்பது நல்லது. நம் காலத்தவரான அக்ரம் கான், முன்னாள் நடனக் கலைஞரான பாரூக் சௌத்ரியுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டு குழு தொடங்கினார். கணக்கு வழக்கையும் ஒப்பந்தங்களையும் மற்றவர் பார்த்துக்கொண்டதால் இவரால் ஆட முடிந்தது. இவர்களுள் எவரும் பதிவுக் கட்டணம் செலுத்தி முகவரைப் பெற்றதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆட்டத்தைக் கண்டவர்கள்தாம் தேடி வந்தார்கள்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது, முகவரைத் தேடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பதே. இலங்கையில் பரதநாட்டியக் கலைஞருக்கென்று முகவர் தொழில் செய்து பிழைப்பவர் எவரையும் நான் அறியேன். பிழைக்கும் அளவுக்கு இங்கே ஊதியமுள்ள மேடைகள் இல்லை. கோவில் திருவிழா, நிலாவெளி, உப்புவெளி உல்லாச விடுதிகளின் நிகழ்ச்சிகள், புலம்பெயர் சங்கங்களின் ஆண்டு விழாக்கள் இவ்வளவுதாம். இவற்றுக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடியவர் அவளுடைய ஆசிரியைதான். இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. சில ஆசிரியர்கள் தம் அனுமதியின்றி மாணவி வேறெங்கும் ஆடக்கூடாது என்கிறார்கள்; கிடைக்கும் சன்மானத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. குருபக்தி வேறு, கணக்குக் கேட்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நட்டப்படுவது மாணவிதான்.

பிள்ளைக்கு இப்போது வேண்டியவை சில்லறைக் காரியங்கள். வெட்டி ஒட்டாத பத்து நிமிட ஒளிப்பதிவு ஒன்று வேண்டும். ஒரு வர்ணத்தின் பகுதியும் ஒரு பதமும் அதில் இருந்தால் போதும். முகத்தைவிடக் கால்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். பயிற்சி, ஆசிரியர், ஆடிய மேடைகள் ஆகியவற்றைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமோ, யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பிரிவோ இருக்கின்றன. அங்கே பெறும் பட்டமும் அங்கே கிடைக்கும் தோழமையும் எந்த மார்கழி மேடையையும்விட நீண்டகாலம் உதவும்.

வெளிநாட்டு அழைப்பைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். நடனம் என்று சொல்லிப் பெண்களை வளைகுடாவுக்கு அழைத்துச் சென்று மதுபான விடுதிகளில் ஆடவைத்த கதைகள் தமிழகத்திலும் இங்கும் புதியவை அல்ல. ஆட்கடத்தலைக் குற்றமாக்கும் நமது தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு 2006இல் திருத்தப்பட்டது சும்மா அல்ல. வேலை என்று சொல்லி அழைத்தால், அழைப்பவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவராக இருக்க வேண்டும். அதைப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். வேலையல்ல, கலை நிகழ்ச்சிதான் என்று சொன்னால், அழைக்கும் சங்கத்தின் கடிதத்தை முகவரியோடு கேளுங்கள். அந்த ஊரில் இருக்கும் நம்மவர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மவர் இல்லாத ஊர் ஏது? கடவுச்சீட்டை ஒருவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை தாயோ தகப்பனோ இல்லாமல் போகவும் கூடாது.

பதிவுக் கட்டணம் கேட்டவரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்கும்படி நண்பரிடம் சொன்னேன். எந்தச் சபா, எந்தத் திகதி? பிள்ளைக்கு ஊதியம் எவ்வளவு? நிகழ்ச்சி நடவாவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், தாயும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். கடிதம் அனுப்பி இரண்டு வாரங்களாகின்றன. பதில் வரவில்லை. நகைகள் வீட்டில்தான் இருக்கின்றன.