விமானங்களுக்குக் கீழே ஓர் ஊர்

சூரிச் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஏரி, கரையில் இரட்டைக் கோபுரத் தேவாலயம், வங்கிகள், தொலைவில் பனிமலை. அஞ்சலட்டைகள் பழக்கிவிட்ட சித்திரம் அது. அதில் புறநகர்களுக்கு இடமில்லை. சூரிச்வாசிகளே தம் புறநகர்களை 'அக்லோ' என்ற இரண்டசைச் சொல்லால் ஒதுக்கிவிடுகிறார்கள். 'அக்ளோமரேஷன்' என்பதன் குறுக்கம். சொல்லும்போது உதடு லேசாகக் கோணும். நகரமும் அல்லாத, கிராமமும் அல்லாத, முகம் இல்லாத இடம் என்று பொருள்.

அத்தகைய ஓர் ஊரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். ஒப்ஃபிக்கோன். சூரிச் நகரின் வடக்கு எல்லையை ஒட்டி, ஆறு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் கிடக்கும் நகராட்சி. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இதன் மக்கள்தொகை சுமார் 12,000. இன்று 20,000-ஐத் தாண்டிவிட்டது. நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் அமைந்திருப்பதால் நாள்தோறும் பல்லாயிரம் பேர் இதைக் கடந்து போகிறார்கள். இறங்குபவர்கள் குறைவு.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. நகராட்சியின் பெயர் ஒப்ஃபிக்கோன். ஆனால் மக்கள் பெரும்பாலும் சொல்வது கிளாட்புருக். புதிதாகக் குடியேறியவர்களிடம் கேட்டால் கிளாட்பார்க் என்பார்கள். மூன்றுக்கும் அஞ்சல் குறியீடு ஒன்றே. சூரிச் வட்டாரத்தில் 'இக்கோன்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். பழைய அலமானிய வழக்கில் 'இன்னாருடைய உறவினரின் பண்ணைகள்' என்று அதற்குப் பொருள். அந்த இன்னார் யாரோ, அவர் உறவினர் எங்கே போனாரோ. பண்ணைகள் இருந்த இடத்தில் இன்று அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன.

கிளாட் என்பது ஆறு. கிரைஃபன் ஏரியிலிருந்து புறப்பட்டு ஒப்ஃபிக்கோனைத் தொட்டுக்கொண்டு வடக்கே போய் ரைனில் கலக்கிறது. அதன் கீழ்ப்போக்கில் இருக்கும் கிளாட்ஃபெல்டன் என்ற கிராமம் இலக்கிய வாசகர்களுக்கு முக்கியமானது. சுவிஸ் ஜெர்மன் இலக்கியத்தின் பெரும்படைப்பாளியான காட்ஃப்ரீட் கெல்லரின் பூர்வீகம் அது. 'பச்சை ஹைன்ரிஷ்' நாவலில் வரும் கிராமத்துக்கு அதுவே மூலம். அந்தக் கிளாட் இன்று நாவலில் நாம் காணும் ஆறு அல்ல. வெள்ளத்தைத் தடுக்கவும் சதுப்பை வற்றச்செய்யவும் நேராக்கப்பட்டு, கரை கட்டப்பட்டு, ஏறக்குறைய ஒரு கால்வாய் ஆகிவிட்டது. கெல்லர் 15 ஆண்டுகள் சூரிச் மாநில அரசின் செயலராகப் பணியாற்றியவர். ஆற்றை ஒழுங்குபடுத்தும் கோப்புகள் அவர் மேசையையும் கடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு வீண் கற்பனை.

ஊரின் விதியை மாற்றியது ஆறு அல்ல, ஆகாயம். 1948-இல் பக்கத்து ஊரான க்ளோட்டனில் விமான நிலையம் திறக்கப்பட்டது. பண்ணைகளை அடுத்துக் கிடங்குகள், கிடங்குகளை அடுத்து விடுதிகள், பின்னர் நெடுஞ்சாலை என்று அதைத் தொடர்ந்து எல்லாம் வந்தன. வேலையும் வரிப்பணமும் வந்தன. உடன் வந்தது இரைச்சல். 2003-இல் ஜெர்மனி தன் வான்வெளியில் அதிகாலைத் தரையிறக்கங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியிலிருந்து விமானங்கள் தெற்கிலிருந்து, அதாவது குடியிருப்புகளின் தலைக்கு மேலாக வந்து இறங்கத் தொடங்கின. வார நாட்களில் காலை ஆறு மணி முதல் ஏழு வரை, வார இறுதிகளில் ஒன்பது வரை. அந்தப் பாதையின் கீழுள்ள வீடுகளுக்காக விமான நிலையம் ஓர் ஏற்பாடு செய்தது. இரவெல்லாம் திறந்திருக்கும் படுக்கையறை ஜன்னலை, முதல் விமானம் வருவதற்குச் சற்றுமுன் தானாகவே சாத்திவிடும் கருவி. உறங்குபவர் அறியாமல் அவர் ஜன்னலைச் சாத்துவதற்கு ஒரு பொறி. இதைவிட நயமான நாகரிகத்தையும் இதைவிடத் துயரமான நாகரிகத்தையும் நான் கேள்விப்பட்டதில்லை.

புதிய பகுதியான கிளாட்பார்க்கின் தெருப்பெயர்களை வரைபடத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். லிலியன்தால் பெருந்தெரு, ரைட் தெரு, லிண்ட்பெர்க் சோலைச்சாலை. எல்லாம் வானோடிகளின் பெயர்கள். ஆட்டோ லிலியன்தால் 1896-இல் தன் மிதவை வானூர்தியிலிருந்து விழுந்து இறந்தவர். விமான ஓசையால் விழிக்கும் ஓர் ஊர் தன் பிரதான வீதிக்கு அவர் பெயரைச் சூட்டியது நன்றியா நையாண்டியா என்று தெரியவில்லை.

கிளாட்பார்க் இருக்கும் இடம் முன்பு ஓபர்ஹவுசர்ரீட் எனப்பட்ட சதுப்பு வெளி. வெகுகாலம் வெற்று நிலமாகவே கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 7,000 பேர் வசிக்கவும், ஏறத்தாழ அதே அளவினர் வேலை செய்யவும் என்று திட்டம். நடுவே அரை கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் ஒரு செயற்கை ஏரி. கோடையில் குழந்தைகள் அதில் நீந்துகிறார்கள். நகரத்தையும் புறநகர்களையும் விமான நிலையத்தையும் இணைக்கும் கிளாட்டல்பான் டிராம் பாதைக்கு மாநில மக்கள் 2003-இல் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். 2006, 2008, 2010 என்று மூன்று கட்டங்களாக அது ஓடத் தொடங்கியது. முதலில் தண்டவாளம், பிறகு வீடுகள் என்ற வரிசை நமக்கு வியப்பூட்டக்கூடியது.

1955-இல் மாக்ஸ் ஃபிரிஷ், லூசியஸ் புர்க்ஹார்ட், மார்க்குஸ் குட்டர் ஆகிய மூவரும் 'கவனம்: சுவிட்சர்லாந்து' என்றொரு சிறு நூலை வெளியிட்டார்கள். 1964-இல் நடக்கவிருந்த தேசியப் பொருட்காட்சிக்குப் பதிலாக ஒரு புதிய நகரத்தையே கட்டிக்காட்டுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. ஃபிரிஷ் நாவலாசிரியர் மட்டுமல்ல, கட்டடக் கலைஞரும்கூட. நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. நகரம் எழவில்லை, பொருட்காட்சி லொசானில் நடந்தேறியது. எவரும் ஒன்றாக உட்கார்ந்து சிந்திக்காமல் இத்தகைய புறநகர்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. அந்த மூவர் கேட்டதற்குக் காலந்தாழ்ந்து கிடைத்த, அரைகுறையான ஒரு பதிலாகவே கிளாட்பார்க்கை நான் பார்க்கிறேன்.

இங்கேதான் ரசனையாளர்களோடு எனக்கு மாறுபாடு. முகம் இல்லாத ஊர், ஒரே மாதிரிக் கட்டடங்கள், மாலையில் வெறிச்சிடும் வீதிகள் என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். குறைகள் மெய்தான். ஆனால் சூரிச்சின் இன்றைய அழகான பேட்டைகள் பலவும் 1893-இலும் 1934-இலும் நகரத்தோடு இணைக்கப்பட்ட அன்றைய புறநகர்களே. 1934-இல் இணைந்த ஓர்லிக்கோனையும் இணையாத ஒப்ஃபிக்கோனையும் பிரிப்பது ஒரு நிர்வாகக் கோடு மட்டுமே. முகம் வந்துவிடும். அதற்கு நூறாண்டு ஆகலாம். இந்த ஊரில் உண்மையாகவே இல்லாதது வேறொன்று.

ஒப்ஃபிக்கோனில் வசிப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சுவிஸ் கடவுச்சீட்டு இல்லாதவர்கள். சூரிச் மாநிலத்தில் அவர்களுக்கு உள்ளூர்த் தேர்தலில்கூட வாக்கில்லை. நாடு முழுவதும் அப்படி என்று எண்ணிவிட வேண்டாம். நொய்ஷாட்டெல் மாநிலம் 1849-இலேயே அயல்நாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமை தந்தது. ஜூராவும் வோவும் பின்னர் தந்தன. சூரிச்சில், விரும்பும் நகராட்சிகள் மட்டும் அதை வழங்கலாம் என்ற மிக மிதமான முன்மொழிவு 2013 செப்டம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். குடியுரிமை பெற்றுக்கொள்ளட்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். கொள்கையளவில் நியாயமான வாதம்தான். ஆனால் குடியுரிமைக்குப் பத்தாண்டு வசிப்பும், நகராட்சி, மாநிலம், கூட்டரசு என்ற மூன்று படிகளும் தேவை. அந்நாட்டிலேயே பிறந்த குழந்தைக்கும் அது தானாக வருவதில்லை. பள்ளிக்கூடம் எங்கே வேண்டும், வரிவீதம் எவ்வளவு என்பன போன்ற முடிவுகளில், அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி அந்த வரியைக் கட்டும் பாதி ஊருக்குப் பேச்சில்லை. 2024 மார்ச்சில் விமான ஓடுபாதைகளை நீட்டிக்கலாமா என்று மாநிலத்தைக் கேட்டார்கள். பெரும்பான்மை ஆம் என்றது. அந்த இரைச்சலைக் கேட்டு விழிப்பவர்களில் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது?

நம்மவர்களும் இந்தக் கதைக்கு உள்ளேதான் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து சுவிஸ் வந்தவர்கள் உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்து, வாடகை கட்டுப்படியாகும் இடங்களைத் தேடியபோது பலர் இத்தகைய புறநகர்களுக்கே வந்து சேர்ந்தார்கள். கிளாட்புருக்கின் தொழிற்பேட்டையில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. கிடங்குகளுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் நடுவே கற்பூர வாசனை. மலிவான இடம் கிடைக்கும் இடத்தில்தான் வந்தேறியின் தெய்வமும் குடியேறுகிறது. நம் புலம்பெயர் எழுத்தில் விட்டுவந்த ஊர் இருக்கிறது, பனி இருக்கிறது, அகதி முகாம் இருக்கிறது. இந்தத் தொழிற்பேட்டைத் தெருவும், டிராம் நிறுத்தமும், தெருப்பெயர்ப் பலகையில் லிலியன்தாலும் நான் படித்த வரையில் மிக அரிதாகவே வருகின்றன. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊரைக் கதைக்குள் அனுமதிக்கத் தயங்குகிறோமோ என்று எனக்கு ஓர் ஐயம். 'அக்லோ' என்று உதட்டைக் கோணுபவர்களிடமிருந்து இதில் நாம் அதிகம் வேறுபடவில்லை.

சுவிட்சர்லாந்தில் வழக்கமாக ஆண்டுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வாக்கெடுப்புக்கென ஒதுக்கப்படுகின்றன. வாக்குச்சீட்டு சில வாரங்களுக்கு முன்பே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். புதிய அடுக்குமாடிகளின் வாசலில் தபால்பெட்டிகள் வரிசையாக, ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தால் பால்கனும் போர்த்துகலும் யாழ்ப்பாணமும் தெரியும். தபால்காரர் வாக்குச்சீட்டு உறைகளை ஒரு பெட்டியில் போடுகிறார், அடுத்ததைத் தாண்டுகிறார், அதற்கடுத்ததில் போடுகிறார்.