கல் முகமூடிக்கு வவுச்சர் எங்கே?

ஏதாவது ஒரு பெரிய மியூசியத்தின் வெப்சைட்டில் மெக்சிகோ பகுதியைத் திறந்து பாருங்கள். பச்சைக் கல்லில் செதுக்கிய முகமூடி ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அகன்ற நெற்றி, லேசாகத் திறந்த வாய். கீழே 'தியோத்திவாக்கான், இறந்தவர் முகமூடி' என்கிற மாதிரி ஒரு லேபிள். படித்ததும் நமக்கு ஒரு சிலிர்ப்பு வரும். ஆகா, எந்த ராஜாவின் முகத்தில் கிடந்ததோ!

என் கேள்வி ரொம்ப சிம்பிள். அப்படிக் கிடந்ததை யார் பார்த்தது?

பி.காம். படிக்கிறவனுக்குத் தொல்லியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது சாமி. எங்களுக்கு முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றுவது, வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பதுதான். தொல்லியலில் அந்த வவுச்சர், பொருள் கிடைத்த இடம். எந்தக் குழி, எந்த ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்ற பதிவு.

வவுச்சர் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பாலென்கே சாட்சி. அங்கே மாயா கோயில் ஒன்றில், கல்லும் மண்ணும் போட்டு அடைத்த படிக்கட்டை ஆல்பர்தோ ரூஸ் வருடக்கணக்கில் சுத்தம் செய்து, 1952-ல் அடியில் இருந்த கல்லறையை அடைந்தார். உள்ளே 683-ல் இறந்த பக்கல் என்ற அரசர். முகத்தில் ஜேட் துண்டுகளைச் சேர்த்துச் செய்த முகமூடி. ஆள் யார், வருடம் என்ன, முகமூடி எங்கே இருந்தது, எல்லாம் தெரியும். 1985 டிசம்பர் 25 அன்று மெக்சிகோ சிட்டி மியூசியத்திலிருந்து அதைத் திருடிவிட்டார்கள். 1989-ல் மீட்டார்கள். நடுவில் அது எந்தக் கைக்குப் போயிருந்தாலும், யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

இப்போது தியோத்திவாக்கானுக்கு வாருங்கள். இந்த நகரத்தின் பாணியில் உலகம் முழுக்க எத்தனையோ கல் முகமூடிகள் இருக்கின்றன. முறையான அகழாய்வில் கிடைத்தவை சொற்பம். அந்த நகரத்தில் தோண்டிய புதைகுழிகளில், பிணத்தின் முகத்தில் இப்படி ஒரு கல் முகமூடி இருந்ததாகப் பதிவே இல்லை. 2011-ல் சூரியப் பிரமிடின் அடியில் பச்சைக் கல் முகமூடி ஒன்று கிடைத்தது. அதுவும் கட்டிடத்துக்காக வைத்த காணிக்கைப் பொருட்களோடுதான்.

இன்னொரு உதாரணம். அஸ்டெக்குகளின் பெரிய கோயிலைத் தோண்டியபோது, காணிக்கைக் குழி ஒன்றில் ஓல்மெக் முகமூடி கிடைத்தது. அஸ்டெக்குகள் அதைப் புதைக்கும்போதே அதற்கு வயது 2000 வருடத்துக்கும் மேல்! பழம்பொருளை மதித்துத் தங்கள் சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதையே ஒரு கொள்ளைக்காரன் தோண்டியிருந்தால்? 'ஓல்மெக் இறந்தவர் முகமூடி' என்று லேபிள் ஒட்டி, கதை முடிந்திருக்கும். அஸ்டெக்குகள் அந்தக் கதையில் வந்திருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் ஏன் 'இறந்தவர்' என்ற வார்த்தை? என் பதில்: அது பிராண்ட். வெறும் 'கல் முகம்' என்றால் வாங்குபவன் யோசிப்பான். கல்லறை, மரணம் என்றால் விலை ஏறும். 2021 பிப்ரவரியில் பாரிசில் கிறிஸ்டீஸ் ஏலம் நடந்தபோது, அதில் தியோத்திவாக்கான் முகமூடி ஒன்றும் இருந்தது. மெக்சிகோ அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஏலப் பட்டியலில் சில பொருட்கள் சமீபத்தில் செய்த போலிகள் என்றும் அதன் தொல்லியல் நிறுவனம் சொன்னது. ஏலம் நிற்கவில்லை. கிடைத்த இடம் தெரியாவிட்டால் அசல் எது, போலி எது என்பதே சண்டையாகிவிடுகிறது பாருங்கள்.

"மியூசியம் வாங்கியதால்தானே பத்திரமாக இருக்கிறது?" என்று ஒரு கோஷ்டி வரும். ஐயா, வாங்க ஆள் இருப்பதால்தான் தோண்டவே ஆள் வருகிறான். அவன் முகமூடியை மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பையும் பானையையும் மிதித்துவிட்டுப் போவான். "அழகுக்கு எதற்கு ரசீது?" என்பது அடுத்த கோஷ்டி. அழகு என்று மட்டும் எழுதுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். இறந்தவர் என்று எழுதினால் அந்த இறந்தவரைக் காட்டுங்கள்.

குவாத்தமாலாவில் சோச்கிதம் என்ற மாயா ஊர். கொள்ளையர்கள் ஏற்கனவே குடைந்து வைத்திருந்த இடம். அவர்கள் கண்ணில் படாமல் தப்பிய ஒரு கல்லறையை 2022-ல் ஆய்வாளர்கள் திறந்தார்கள். உள்ளே ஜேட் முகமூடி, கூடவே செதுக்கிய எலும்புகள். எலும்பில் இருந்த எழுத்தைப் படித்ததால் அந்த அரசரின் பெயர் வரை தெரிந்தது. கொள்ளையர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால், முகமூடி யாரோ ஒரு பணக்காரரின் ஹாலில் தொங்கியிருக்கும். அரசர் மறுபடி செத்திருப்பார்.

மியூசியங்கள் நாளைக்கே ஒரு வேலை செய்யலாம், பைசா செலவில்லை. லேபிளில் 'கிடைத்த இடம்: தெரியாது, எப்படிப் பயன்பட்டது: தெரியாது, யாரிடம் எப்போது வாங்கியது' என்று மூன்று வரி போடட்டும். ஊகத்தை ஊகம் என்று எழுதட்டும். வவுச்சர் இல்லாத என்ட்ரியை எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் எழுதினால் மார்க் போய்விடும். இவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து லைட் போட்டுக் காட்டுகிறார்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் பின்னூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது வவுச்சரோடு வாருங்கள்.