கட்டிப்போட்டார்கள், கட்டிக்கொள்ள விடவில்லை

நாயை மடியில் வைத்து அழுதால் எங்கள் தூத்துக்குடியில் அவள் 'கோட்டிக்காரி'. வாடகைக்கு வீடும் கிடைக்காது. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். கட்டிப்போடுவதைப் பொறுத்துக்கொண்ட சமூகம், கட்டிக்கொள்ள ஒரு நாயைப் பொறுப்பதில்லை.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் மனநோய் உண்டு. 2017இன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. மனநலத் துணைவிலங்குக்கு இரண்டிலும் இடமில்லை. அமெரிக்கச் சட்டமோ, பதற்றம் மூளும்போது உதவப் பயிற்சி பெற்ற நாயைக் கடைக்குள்ளும் அனுமதிக்கிறது.

மருத்துவருக்குப் பதிலாக நான் நாயைக் கேட்கவில்லை. நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்பவளுக்குப் பக்கத்தில் ஓர் உயிர் இருக்கட்டும் என்கிறேன். அதைக் கருணையாக அல்ல, உரிமையாக எழுதுங்கள்.