1990க்கு எடுத்தால் முதல் கேள்வி: "எங்கே இருக்கிறீங்க?"



அவசரத்துக்கு 1990க்கு எடுங்க என்றால் நமக்குள் இரண்டு பதில்தான் வரும். "சிங்களத்துல பேசணுமே." "அது வாறதுக்குள்ள ஓட்டோவுல கொண்டு போயிரலாம்."

முதலாவது பிழை. தமிழிலேயே பேசலாம். வண்டிக்கும் காசு இல்லை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் வந்தது.

இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. வண்டி சில நேரம் சுணங்கும். ஆனால் அந்தச் சுணக்கத்தில் நம் பங்கு எவ்வளவு?

அழைப்பை எடுப்பவர் ராஜகிரியவில் இருக்கிறார். "பெரிய பள்ளிக்குப் பின்னால, ஹாஜியார்ட வீட்டுக்குப் பக்கத்துல" என்றால் அவருக்கு என்ன விளங்கும்? மாவட்டம், ஊர், வீதி, வீட்டிலக்கம், கிட்டிய சந்தி, இவைதான் வேண்டும். நம் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே இல்லை.

அடுத்து, நோயாளிக்கு நினைவிருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று கேட்பார்கள். "கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குறானுகள்" என்று போனை வைத்துவிடுகிறோம். அந்தப் பதில்களை வைத்துத்தான் வண்டியில் வருபவர்கள் ஆயத்தமாக வருவார்கள்.

வருவது வெறும் வண்டியல்ல. பயிற்சி பெற்ற உதவியாளர் வருகிறார், ஒட்சிசன் வருகிறது. கூரையிலிருந்து விழுந்தவரை நாலு பேர் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி வைத்தால், முள்ளந்தண்டில் பட்ட காயம் ஆளை ஆயுளுக்கும் படுக்கையில் போட்டுவிடலாம். நல்ல மனசோடு செய்தாலும் பாதிப்பு பாதிப்புத்தான்.

நாங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் பிள்ளைகளிடம் விலாசம் கேட்கிறோம். வாப்பாவின் பெயரும் ஊரின் பெயரும் வரும். வீதியும் இலக்கமும் வராது. பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் நாங்கள் பழக்குகிறோம். வீட்டில் நீங்களும் பழக்குங்கள்.

விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அழைத்தவர் போனைக் கையிலேயே வைத்திருக்கட்டும். இன்னொருவர் சந்தியில் நின்று வண்டியை மறிக்கட்டும். விளையாட்டுக்கு 1990 அழுத்தும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த நேரம் வேறொரு வீட்டு உம்மாவுக்குப் போக வேண்டிய நேரம்.

உங்கள் ஒழுங்கைக்குப் பலகை இல்லையென்றால் கீழே கொமென்ட்டில் எழுதுங்கள். பட்டியலாக்கி, பள்ளி நிர்வாகத்தையும் கூட்டிக்கொண்டு பிரதேச சபைக்குப் போவோம்.