பத்திரம் இல்லாதவர் இழப்பு

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பெருமையாகப் பேசுகிறோம். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயரே அந்தக் குடத்தில் விழுந்தது. நிலமற்ற உழவுக் கூலிக்கு அதில் இடமில்லை.

அந்தக் கதை கடல் தாண்டியும் தொடர்ந்தது. பர்மாவில் 1962 மார்ச் 2-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாகின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. பல்லாயிரம் தமிழர்கள் வெறுங்கையோடு திரும்பினர். கடை இழந்தவருக்குக் காட்டப் பத்திரமாவது இருந்தது. வயலிலும் துறைமுகத்திலும் உழைத்த தலித் கூலிகளின் இழப்புக்கு என்ன சான்று?

மாணவர்களே, உங்கள் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் இருந்தால், பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்று கேட்டு வந்தால், பழைய பத்திரம் எங்கே என்று திருப்பி அனுப்பாமல், அதிகாரிகள் நேரில் விசாரித்துத் தரவேண்டும்.