சொந்த வாக்கியத்துக்கு மார்க் இல்லையா?



என் பேத்தி 'செல்' பற்றிய கட்டுரையில் இப்படி எழுதினாள்: "மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தருகிறது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் அது நிறைய உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் நம் முதிர்ந்த சிவப்பணுவில் இல்லை; இருந்தால் சுமையைத் தானே தின்றுவிடும்."

நோட்ஸில் இல்லையாம். மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று ஒப்பித்தவர்களுக்கு முழு மார்க்!

ஏன், எப்படி என்று சொல்லாதது கட்டுரையா, பட்டியலா?

உங்களையும் அப்படி ஒப்பிக்க வைத்தவன்தான் நான். தப்பு என்னுடையது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஒரு நுண்ணுறுப்பை எடு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து எழுது. மார்க் போனால் போகட்டும்.